உப்பைக் கிராமில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த உப்பு வகைகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். இளஞ்சிவப்பு இந்துப்பு, கறுப்பு உப்பு, இங்கிலாந்தின் மால்டன் செதில் உப்பு என்று படங்களோடு நன்றாக இருந்தது. ஆனால் எதை எவ்வளவு போடுவது என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஒரு டீஸ்பூன்’ என்று எழுதிவிட்டீர்கள். வீட்டில் ஊறுகாய் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் அளவுக்கு வரும். அதே ஸ்பூனில் செதில் உப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். கல் உப்பு, கல்லின் பருமனைப் பொறுத்து மாறும். சாம்பாரில் குறைந்தால் மேலே கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சை ஊறுகாயில் குறைந்தால் ஜாடி முழுக்கப் பூத்துவிடும். பழம், காரம், எண்ணெய், உழைப்பு எல்லாம் குப்பைக்குப் போகும்.

மால்டன் உப்பை வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி வந்திருந்தாள். கூம்பு கூம்பாக, உள்ளே வெற்றிடமாக, விரலால் அழுத்தினால் சட்டென்று நொறுங்குகிறது. கிளிமூக்கு மாங்காய்த் துண்டில் மிளகாய்ப் பொடியோடு தூவினால் முதலில் பல்லில் மொறுமொறுப்பு, அப்புறம்தான் உப்பு தெரிகிறது. அவ்வளவு ருசி! அதையே ரசத்தில் போட்டால் கரைந்த நொடியிலேயே சாதாரண உப்புதான். விலை கொடுத்து வாங்கியதை அடுப்பில் கொதிக்க விடாதீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம். கறுப்பு உப்பு வேறு ரகம். அதன் கந்தக வாசனைதான் அதன் ருசியே. நீர்மோர், வெள்ளரிக்காய், கொய்யா இவற்றுக்கு மேலே ஒரு சிட்டிகை போதும்.

இந்துப்பு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற பாறை உப்பு அது. நிறம் இரும்புச் சத்தால் வருவது. மற்றபடி பெரும்பகுதி, நம் உப்பளத்தில் வாருகிற அதே சோடியம் குளோரைடுதான். ‘இது பிரஷரை ஏற்றாது’ என்று எங்கள் தெருக் கடைக்காரர் சொல்லி, வயதான ஒரு அம்மா தாராளமாகப் போட்டுச் சாப்பிடுகிறார். கேட்கவே பதறுகிறது. எந்த உப்பானாலும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உண்மையிலேயே சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இன்னொன்று அயோடின். இந்துப்பு பாக்கெட்டுகள் பலவற்றின் பின்பக்கம் ‘அயோடின் சேர்க்கப்படாதது’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 2018-19ல் நாடு முழுக்க நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில்தான் மிகக் குறைவு, 61.9 சதவீதம். உப்பு விளைகிற தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. கர்ப்பிணியும் குழந்தையும் உள்ள வீட்டில் தினப்படிச் சமையலுக்கு இந்துப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதக் கூடாது. அயோடின் சேர்த்த கல் உப்பே இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறதே, அதைச் சொல்லலாமே.

மாவடுவுக்கும் நார்த்தங்காய்க்கும் நான் போடுவது கல் உப்புதான். தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கிற பொருளால் ஊறுகிற தண்ணீர் கலங்கலாகத் தெரியும். கல் உப்பில் தெளிவாக நிற்கும்.

மாங்காய் சீசன் வருகிறது. ஆவக்காய், தொக்கு, வடு என்று வரிசையாகக் குறிப்புகள் போடுவீர்கள். அவற்றில் காயின் எடைக்கு உப்பு எத்தனை கிராம், தூளா கல்லா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். ‘தேவையான அளவு’ என்பதைக் குழம்புக்கும் கூட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாசகி,
தூத்துக்குடி