வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மேயர் சைட்லரோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குடியிருக்கும் நாம், இந்த ஊரைப் பற்றியே ஓராண்டு படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். எங்கே தொடங்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி வாங்கப் போய்வந்த உறுப்பினர் ஒருவர், "பிராட்வே தெருவில் நகராட்சிக் கட்டடத்துக்கு ஃபிராங்க் சைட்லர் என்று பேர் போட்டிருக்கிறதே, யார் அவர்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் நாங்கள் வேறு தலைப்பைத் தேடவில்லை.

சைட்லர் 1912இல் இதே ஊரில் பிறந்தவர், நில அளவை வேலை பார்த்தவர், சோஷலிஸ்ட். அண்ணன் கார்ல் 1940இல், 24 ஆண்டுகள் மேயராக இருந்த சோஷலிஸ்ட் டேனியல் ஹோனைத் தோற்கடித்து அந்தப் பதவிக்கு வந்தவர். 1942இல் பதவியை விட்டுக் கடற்படையில் சேர்ந்தார். அவர் போன கப்பல் திரும்பி வரவில்லை. 1948இல் தம்பி நின்றபோது, அண்ணனை நினைத்து வாக்களித்தவர்களும் நிறையப் பேர். கம்யூனிச பயம் நாட்டை ஆட்டிய காலத்தில் ஒரு சோஷலிஸ்ட் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார் என்பதைப் படித்தபோது எங்களுக்கு உண்மையிலேயே வியப்பு.

அவர் ஆட்சியில், சுற்றுப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டதால், நகரத்தின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. புறநகர்கள் பிரிந்து போனால் வரி அங்கே போகும், ஏழைகள் இங்கே மிஞ்சுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். நிலம் அளந்தவருக்கு எல்லைக்கோட்டின் விலை தெரிந்திருக்கிறது. பொதுக் குடியிருப்புகள் கட்டினார். கல்வித் தொலைக்காட்சி வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1957இல் 10ஆம் சேனல் வந்தது.

எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது 1956 தேர்தல்தான். தென் மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பின மக்களை மில்வாக்கிக்கு வரச்சொல்லி மேயர் அழைக்கிறார் என்று வதந்தி பரப்பினார்கள். அப்படி ஒரு பலகையும் கிடையாது. அந்த மக்களுக்கும் வீடு வேண்டும் என்ற பேச்சிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. எதிர்த்து நின்ற மில்டன் மெக்குவைரை வென்றார். ஆனால் உடம்பும் மனசும் களைத்துவிட்டன, 1960இல் நிற்கவில்லை. வேறு ஊரிலிருந்து இங்கே வந்து வீடு தேடி அலைந்த நமக்கு, அந்தப் பொய்யின் விஷம் புரியாமல் இல்லை. அன்றைய கூட்டம் முடிய வெகுநேரமாயிற்று.

1976இல் அவர் சோஷலிஸ்ட் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். வாக்கு சுமார் ஆறாயிரம். 2006இல், 93 வயதில் காலமானார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு டேனியல் ஹோனை எடுக்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. ஏரியோரம் காரில் போகும்போது நாம் ஏறி இறங்கும் பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்