போனும் பிளானும் வேறு வேறு, குஞ்சு

அன்புள்ள குஞ்சு,

சனிக்கிழமை ஹாலிபக்சில் நம் குடும்பக் கணக்கை விட்டுத் தனியாகப் புதுப் போன் எடுக்கப் போகிறாய் என்றதும் அப்பா "கடைசியில் ஒரு பில்லாவது குறையுது" என்று சிரித்தார். நான் நீ அனுப்பிய விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முதலில் 0 டொலர், மாதம் 30 டொலர்" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல மூன்று வரி. அந்த மூன்று வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் வேலைக்கிடையில் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டு வைத்துவிடுவாய்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் மோல் நடுவே இருந்த போன் கடையில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். பலகையில் கம்பனியின் பெயர், சம்பளம் தந்தது வேறொரு முகவர். மணித்தியாலக் காசு சொற்பம், கொமிஷனில்தான் வாழ்க்கை. புது இணைப்புக்கு ஒன்று, விலைகூடிய பிளானுக்கு இன்னொன்று, உறை, கண்ணாடி, காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஆகவே சனிக்கிழமை உன் முன்னால் நிற்கப்போகும் பிள்ளையும் வாடகை கட்ட வேண்டிய ஒருத்திதான். மரியாதையாகக் கதை. ஆனால் அவள் சொல்லும் மாதக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதே.

ஏனென்றால் அந்தக் கடையில் இரண்டு பொருள் விற்கிறார்கள். ஒன்று போன், மற்றது பிளான். இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால் எதற்கு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் விளங்காது. நீ கடைக்குள் போகுமுன் இரண்டையும் பிரித்துவிடு.

உதாரணத்துக்கு அந்தப் போன் 1,200 டொலர் என்று வை. 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 வரும். விளம்பரத்தில் 30தான் இருக்கிறது. மிச்சம் எங்கே போனது? அதுதான் சின்ன எழுத்தில் இருக்கிறது. 480 டொலரைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் முடிய ஒன்றில் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 480ஐக் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது திரையில் வெடிப்பு இருந்தால் அதற்கும் காசு கேட்பார்கள். உன் கையில் இருந்த எந்தப் போன் இரண்டு வருடம் வெடிக்காமல் இருந்தது, சொல்லு பார்ப்போம்.

அந்த 0 டொலரும் வெறும் பேச்சு. வரியைப் பெரும்பாலும் போனின் முழு விலைக்கும் முதல் நாளே வாங்கிவிடுவார்கள். நீ இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி 2025 ஏப்ரலில் 15 வீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. குறைந்தும் 1,200க்கு 168 டொலர். இணைப்புக் கட்டணம் என்று இன்னொரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேள். கேட்டவுடன் அதை எடுத்துவிட்ட முகாமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய பணம் போவது பிளானில். அந்த 30 டொலர் விலை, கம்பனியின் விலைகூடிய பிளானை எடுத்தால்தான் கிடைக்கும். அது மாதம் 75 என்று வை. சொந்தப் போனோடு போனால் ஃபீடோ, கூடோ, வேர்ஜின் பிளஸ் போன்ற சின்ன பிராண்டுகளில் 40 டொலர் அளவில் ஒரு பிளான் எடுக்கலாம். ஃபீடோ ரொஜர்சுடையது, கூடோ ரெலசுடையது, வேர்ஜின் பெல்லுடையது. பெயர்தான் வேறு, கோபுரம் அதேதான். வித்தியாசம் மாதம் 35, இரண்டு வருடத்தில் 840. போனுக்குக் கட்டும் 720ஐயும் சேர்த்தால் 1,560 டொலர், வரி தனி. அவ்வளவும் கட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாய்! இதை எந்தக் கணக்காளரிடம் சொன்னாலும் சிரிப்பார்.

விலைகூடிய பிளானில் டேட்டா கூட என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனால் நீ எவ்வளவு பாவிக்கிறாய் என்று நம் குடும்பப் பில்லில் இருக்கிறது. வீட்டிலும் வேலையிலும் வைஃபை. மிச்சம் பஸ்ஸில் பார்க்கும் வீடியோ மட்டும்தான். சின்னப் பிளானின் கால்வாசிகூட உனக்கு முடியாது.

என்னைக் கேட்டால் போன வருட மொடலைக் காசு கொடுத்து வாங்கு. பழையது வாங்குவதானால் *#06# அடித்து வரும் ஐ.எம்.ஈ.ஐ என்ற போனின் அடையாள இலக்கத்தை களவு போன போன்களின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்கு. கனடா முழுவதுக்கும் அப்படி ஒரு பட்டியல் 2013 முதல் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இல்லை, புதுசுதான் வேணும், தவணையில்தான் வேணும் என்றால் சரி, எடு. உன் உழைப்பு. ஆனால் திருப்பிக் கொடுக்கும் முறையை எடுக்காதே. 50ஆக இருந்தாலும் உனக்கே சொந்தமாகும் தவணையை எடு. உன் வேலை ஒரு வருட ஒப்பந்தம், போன் கடன் இரண்டு வருடம் என்பதையும் நினைத்துக்கொள். இடையில் விட்டுப்போனால் போனில் மிச்சமுள்ள கடனைக் கட்ட வேண்டியிருக்கும். மாதம் போகப் போக அது குறைந்து 24 மாதத்தில் பூச்சியமாக வேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் வயதுக்காரர் இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறீர்கள். நாங்கள் கனடாவுக்கு வந்த காலத்தில் மூன்று வருட ஒப்பந்தம்தான் வழக்கம். போனும் பூட்டியே வரும், வேறு கம்பனி சிம் போட்டால் வேலை செய்யாது. பூட்டைத் திறக்கத் தனிக் காசு. 2013 டிசம்பரில், போன் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் அரச ஆணைக்குழுவான சி.ஆர்.ரி.சியின் வயர்லெஸ் விதிக்கோவை நடைமுறைக்கு வந்த பிறகுதான் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது என்றானது. 2017 டிசம்பர் 1 முதல் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும், பழையதையும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். 2019ல் பெரிய கம்பனிகள் தவணை முறை என்ற பெயரில் 36 மாதத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தன. அதற்கும் இந்த விதி பொருந்தும் என்று 2021ல் சி.ஆர்.ரி.சி தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே யாராவது 36 மாதம் என்று கதைத்தால் அங்கே நிற்காதே.

கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். இப்போது காகிதம் இல்லை, டேப்லெட். அந்தப் பிள்ளை அதைத் தன் பக்கம் வைத்து விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு "இது பிளான், இது போன், இது பிரைவசி" என்பாள். பிறகு உன் பக்கம் திருப்புவாள். அப்போது திரையில் நிற்பது கையெழுத்துப் பெட்டி மட்டும்தான். அவளே இருபது முறை வாசித்துக் களைத்துப்போன பக்கங்கள் அவை, உனக்கோ முதல் தரம். நீ டேப்லெட்டைக் கையில் வாங்கி மேலே போய் முதல் இரண்டு பக்கத்தைப் பார். முக்கிய தகவல் சுருக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மாதக் கட்டணம், ஒப்பந்தம் முடியும் திகதி, இடையில் விட்டால் கட்ட வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். கடையில் வாய்ச்சொல்லாகத் தந்த கழிவு அதில் இல்லை என்றால் அந்தக் கழிவு இல்லை. காகிதப் பிரதி கேள். காசில்லாமல் தர வேண்டும்.

பின்னால் வரிசை நிற்கிறது என்று அவசரப்படாதே. நிற்கட்டும்.

காப்புறுதி வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதாது, மூன்று விதமாகக் கேட்பார்கள். உன் கிரடிட் கார்டில் போனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று முதலில் பார். சின் நம்பர், அதுதான் சமூகக் காப்புறுதி இலக்கம், கேட்டால் கொடுக்காதே. கடன் தகுதி பார்க்க அவர்களுக்கு வேறு அடையாள அட்டைகள் போதும், சின் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் ஆக்கள் கடை மேசையில் பாஸ்போட்டிலிருந்து எல்லாவற்றையும் பரப்பி வைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உனக்கு 15 நாள் சோதனைக் காலம் இருக்கிறது. அதற்குள் போனைப் புதிதுபோல, பெட்டியோடு திருப்பினால் தண்டம் இல்லை. ஆனால் மாத அளவில் பாதிக்கு மேல் பாவித்துவிட்டால் அந்த உரிமை போய்விடலாம். ஆகவே முதல் நாளே போனைக் கொண்டு உன் லாபுக்கு இறங்கு. ஆஸ்பத்திரி நிலக்கீழ் தளத்தில் எந்தக் கம்பனி எடுக்கும், எது எடுக்காது என்று கடைக்காரருக்குத் தெரியாது. கூட வேலை செய்பவர்களைக் கேட்டால் இன்னும் நல்லது.

இனி நம்பர். உன் 647 என்று தொடங்கும் ரொறன்ரோ நம்பரை விடாதே. அம்மம்மாவுக்கு மனப்பாடமாக இருப்பது அந்த நம்பரும் வீட்டு நம்பரும்தான். இப்போது பெரும்பாலான பிளான்களும் நாடு முழுவதும் பேசத் தருகின்றன, ஹாலிபக்சில் 902 என்று தொடங்கும் உள்ளூர் நம்பர் இருந்தாக வேண்டியதில்லை. கம்பனி மாறினாலும் நம்பரைக் கொண்டுபோகும் உரிமை 2007லிருந்து இருக்கிறது. ஆனால் கணக்கு என் பேரில் இருப்பதால் நான் இல்லாமல் நடக்காது. கணக்கு இலக்கத்தை உனக்கு அனுப்புகிறேன், இப்போதைக்கு யாருக்கும் காட்டாதே. நான் முன்கூட்டிப் பழைய இணைப்பை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் நம்பரும் போய்விடும். புதுக் கம்பனி நம்பரை எடுத்ததும் பழையது தானாக நிற்கும்.

இதில் ஆக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மாற்றக் கேட்டவுடன் பழைய கம்பனியிடமிருந்து உன் பழைய சிம்முக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், இதை நீதான் கேட்டாயா என்று. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் யெஸ் என்று பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் நின்றுவிடும். கடையில் அந்தப் பிள்ளை கெதியாக முடிக்கப் பழைய சிம்மைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவாள், செய்தி வர இடமில்லாமல் போய்விடும். ஆகவே பழைய போன் சார்ஜோடு, சிம்மோடு உன் கையில் இருக்கட்டும். அதேபோல நீ எதுவும் கேட்காமல் அப்படி ஒரு செய்தி எப்போதாவது வந்தால், யாரோ உன் நம்பரைத் திருடப் பார்க்கிறான் என்று அர்த்தம். நோ என்று போட்டுவிட்டு உடனே கம்பனிக்கு அடி.

புதுப் போனில் ஈ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், என்றால் வைஃபை உள்ள இடத்தில் இருந்து செய். பழைய போனை அன்றைக்கே அழித்துவிடாதே. வங்கிக் குறியீடு புதுப் போனுக்கு வருகிறதா, வட்ஸ்அப் பழைய கதைகளோடு திறக்கிறதா என்று பார்த்த பிறகு அழி. நீ கண் வைத்திருக்கும் ஐபோன் 17 கனடாவில் சிம் தட்டே இல்லாமல்தான் விற்கிறார்கள். ஊருக்குப் போனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஒரு சிம்மை வாங்கிச் செருகுகிற கதை அதில் நடக்காது, அங்கேயும் ஈ-சிம்தான் கேட்டு எடுக்க வேண்டும். அது பெரிய காரியமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு வாங்கு.

வெளிநாட்டு டேட்டாவுக்கு மாதம் 100 டொலர்தான் உச்சம், அதற்கு மேல் கணக்குக்காரரைக் கேட்காமல் ஏற்ற முடியாது. இவ்வளவு காலமும் கணக்குக்காரி நான். தம்பி அமெரிக்கா போன நேரம் என்னைக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். இனி உன்னைக் கேட்பார்கள்.

நாங்கள் இருக்கும் கம்பனிக்கே வர வேண்டும் என்று அப்பா சொல்வார், குடும்பக் கழிவு இருக்கிறதாம். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 ஜூலை 8ம் திகதி ஒரு பெரிய வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்து, இன்ரராக் வங்கி அட்டையில் பால் வாங்கக்கூட வழியில்லாமல் ஆக்கள் நின்றார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே வலையில் இருந்தால் அப்படியொரு நாளில் ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாது. நீ வேறு கம்பனியில் இரு.

பில்லில் பிழை வந்து அவர்கள் திருத்தாவிட்டால் சண்டை பிடித்துக்கொண்டு நிற்காதே. யாரோடு எப்போது கதைத்தாய் என்று எழுதி வைத்துக்கொண்டு, போன் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சி.சி.ரி.எஸ்சுக்கு முறைப்பாடு போடு. இலவசம், எழுத்தில் போகும்.

சனிக்கிழமை எனக்கு வேலை இரண்டு மணிக்கு முடியும். ஹாலிபக்சில் உனக்கு அது மூன்று. அதற்குப் பிறகு கடைக்குப் போ, என் போன் கையிலேயே இருக்கும். கம்பனி என்னை ஏதும் கேட்டாலும் எடுத்துப் பேசலாம். மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், ஒடியல் மாவும் இருக்கிறது. உன் புது அப்பார்ட்மென்ட் இலக்கத்தை அனுப்பு, திங்கட்கிழமை பாசல் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா