பெட்டி பெட்டியாக ஒரு ரயில்பாதை

டர்பன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. ஆனால் அந்த மாடிக்கு நீ போட்டிருக்கும் திட்டம் இருக்கிறதே! தகரக் கொட்டகை போட்டு, சுவரை ஒட்டிச் சுற்றிலும் பலகை அடித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை மாதிரி ரயில்பாதையை ஒரே மூச்சில் கட்டப் போகிறாயாக்கும். பொன்மலைப் பட்டறையில் நிஜ இஞ்சினோடு மல்லுக்கட்டியவனுக்கு ஆசையும் அதே அளவில்தான் இருக்கும். ஆனாலும் சொல்கிறேன், அப்படிக் கட்டாதே. பெட்டி பெட்டியாகக் கட்டு. ரயில் பெட்டியைச் சொல்லவில்லை; பாதையின் ஒரு துண்டைத் தாங்கும், கழற்றிச் சேர்க்கக்கூடிய மரப்பெட்டியைச் சொல்கிறேன்.

நீலகிரிப் பாதை 46 கிலோமீட்டர். 1:87 அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். எப்படியும் கல்லாறு கொஞ்சம், குன்னூர் கொஞ்சம் என்று துண்டாகத்தான் பொறுக்கி எடுக்கப் போகிறாய். அதைத் துண்டாகவே கட்டிவிட என்ன கேடு? சுவரோடு ஆணியடித்த பாதை அந்த வீட்டோடு சரி. வீடு மாறினால் ரம்பத்தை எடுக்க வேண்டியதுதான். பார்க்க வருகிறவர்களும் உன் பேரன், எதிர்வீட்டுக்காரர் என்று நாலு பேரோடு முடிந்துவிடுவார்கள்.

நாங்கள் இங்கே ஐந்தாறு பேர் சேர்ந்து கட்டியதைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். தலைவர் யாரும் கிடையாது. ஆனால் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அண்ணன் கோயிலில் தேவாரம் பாடினால் கண்ணை மூடிக் கேட்கலாம். பேச ஆரம்பித்தால் பாதி இங்கிலீஷ். மின்வேலை முழுவதும் ஒரு ஜூலு எலக்ட்ரீஷியன் கையில். அவர் இல்லாவிட்டால் எங்கள் வண்டி ஓர் அடி நகராது.

முதல் சண்டை அளவைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீட்டர், கேப் கேஜ் என்பார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாதிரிப் பாதை 16.5 மி.மீ. அது 1:87-ல் 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. இத்தாலியின் லிமா கம்பெனி முன்பு தென்னாப்பிரிக்க ரயில்வே வண்டிகளை அந்தப் பாதையில் ஓடும்படி செய்து விற்றது. பலர் வீட்டில் இன்னும் இருக்கின்றன. ஓட்டிப் பார்த்தால் ஒடுங்கிய வண்டி அகலக் காலை வைத்து நடப்பது மாதிரி இருக்கும். சரியாக வர மூன்று வழி உண்டு. 1:87-க்கு 12 மி.மீ. பாதை. 1:120-க்கு 9 மி.மீ. பாதை, 1067-ஐ 120-ஆல் வகுத்துப் பார், 8.89 வரும், கொடுத்துவைத்த பொருத்தம். இல்லையென்றால் வண்டியைப் பெரிதாக்கி 1:64-ல் கட்டிவிட்டு அதே 16.5 பாதையைப் போடலாம். நாங்கள் கடைசி வழிக்கு வந்தோம். பாதையும், அது பிரியும் இடத்துப் பாயிண்டும் கடையில் வாங்கலாம், வண்டியைத்தான் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். எங்கள் வயதில் கண்ணுக்கும் இந்த அளவுதான் தோது.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் இரண்டடி அகலத்தில் சின்ன ரயில்கள் ஓடின. இரண்டடி என்பது 610 மி.மீ. 1:64-ல் ஒன்பதரை. ஆக, கடையில் கிடைக்கும் 9 மி.மீ. பாதையை அதற்குப் போட்டுவிடலாம். ஒரே பெட்டியில் பெரிய பாதையும், அதற்குக் கரும்பு கொண்டுவந்து கொட்டும் குட்டிப் பாதையும். ஜனங்கள் அந்தக் குட்டி வண்டியைத்தான் பார்க்கிறார்கள். மாதக் கணக்கில் உட்கார்ந்து கட்டிய காரட் இஞ்சினை இரண்டாவதாகத்தான் கவனிக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். காரட் உனக்குப் பிடிக்கும்: 4-8-2+2-8-4 சக்கர வரிசை, முன்னும் பின்னும் தனித்தனி இஞ்சின் வண்டி, இரண்டுக்கும் நடுவே பாய்லர் தொங்கும். அதனால் அத்தனை நீளமும் வளைவில் ஒடிந்து திரும்பும். நாங்கள் கட்டியது ஜி.எம்.ஏ.எம். வகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கிளைப் பாதைகளில் ஓடியது. நிஜத்தில் 28 மீட்டருக்கு மேல், எங்களுடையது 45 சென்டிமீட்டர் பக்கம்.

இனி பெட்டி. ஒவ்வொன்றும் 1200 மி.மீ. நீளம், 500 அகலம், 9 மி.மீ. பிளைவுட். இரண்டு முனைத் தட்டுகள் மட்டும் 18 மி.மீ. முனைத் தட்டுதான் உயிர். தண்டவாளம் எந்த இடத்தில் வெளியே வருகிறது, போல்ட்டு ஓட்டை எங்கே, வயர் எங்கே என்பது எல்லாப் பெட்டிக்கும் ஒன்றே. நடுவில் நீ மலையைக் கட்டு, கடலைக் கட்டு, யாரும் கேட்கமாட்டார்கள். உலகம் முழுக்க இந்த வழிதான். அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய என்டிராக் என்ற பெட்டி விதிமுறையில் தண்டவாள உயரம் தரையிலிருந்து 40 அங்குலம். ஐரோப்பாவில் 1981-ல் தொடங்கிய ஃப்ரேமோ என்ற சங்கத்தின் விதிமுறையில் 1,300 மி.மீ. அந்த உயரத்தில் வைத்தால் பெரியவர்களுக்கு வண்டி ஏறக்குறைய கண் மட்டத்தில் வரும், பார்க்க அழகுதான். சிறுவர்களுக்கோ பெட்டிக்குக் கீழே தொங்கும் துணி மட்டும்தான் தெரியும். நாங்கள் 1,100-ல் நிறுத்தி, மரப்படி ஒன்று செய்து கொண்டுபோகிறோம்.

முனைத் தட்டில் ஓட்டை போட அண்ணன் இரும்புத் தகட்டில் ஓர் அச்சு செய்தார். எல்லாத் தட்டும் அதை வைத்துத்தான் துளைக்கப்படும். டேப் பிடித்து அளந்து துளைக்க யாருக்கும் அனுமதி இல்லை. பெட்டியைச் சேர்த்துப் பிடிப்பது போல்ட்டு, நேராக நிறுத்துவது போல்ட்டு அல்ல; இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். போல்ட்டு ஓட்டையில் எப்போதும் ஆட்டம் இருக்கும். அதனால் ஒரு பக்கம் பித்தளை முளை, எதிர்ப்பக்கம் அது நுழையும் பித்தளைக் குழி என்று இரண்டு ஜோடி பதிக்கிறோம். முளை உட்கார்ந்த பிறகு விங் நட்டைக் கையால் முறுக்கினால் போதும்.

தண்டவாள முனைதான் முதலில் அடிபடுகிற இடம். சட்டைக் கை பட்டாலே பெயர்ந்துவிடும். முனையில் செம்புத் தகடு பதித்த ஸ்லீப்பர் கட்டைகளை ஒட்டித் திருகி, தண்டவாளத்தை அதன்மேல் சால்டர் வைக்க வேண்டும். இரண்டு பெட்டியைச் சேர்த்து முறுக்கிவிட்டு, இணைப்பின் குறுக்கே முழுத் தண்டவாளத்தையும் போட்டுப் பற்றவைத்த பிறகு, மெல்லிய வட்டு ரம்பத்தால் நடுவில் அறுக்கிறோம். அப்போது இரண்டு பக்கமும் தானாகவே நேர்.

ஈரப்பதம் பற்றி நீ யோசித்திருக்கமாட்டாய். டர்பன் கடற்கரை ஊர், சட்டை காயாது. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் உதடு வெடிக்கும் வறட்சி. அங்கிருந்து ஒருவர் பைன் சட்டத்தில் கட்டிய பெட்டியைக் கொண்டுவந்தார். வந்த இடத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, முளை குழியில் இறங்க மறுத்துவிட்டது. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு. தண்டவாளமும் 1200 மி.மீ. நீளத்துக்கு 20 டிகிரி சூட்டில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். திருச்சி வெயிலில் உன் தகரக் கொட்டகையை நினைத்துப் பார். இடைவெளி விடாவிட்டால் சித்திரை மாதம் பாதை பாம்பாகிவிடும்.

மின்சாரத்தில் சொல்ல அதிகம் இல்லை. பெட்டிக்கு அடியில் இரண்டு தடித்த வயர், ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் அதற்கு ஓர் இறக்கு வயர். தலைகீழாகச் செருக முடியாத பிளக்குகள் போடு. எல்லாம் இணைத்த பிறகு, கடைசிப் பெட்டியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஐந்து ரேண்ட் நாணயத்தை வைப்பார் நம்ம எலக்ட்ரீஷியன். ஷார்ட் ஆகி உடனே மின்சாரம் கட் ஆனால் வயரிங் சரி. ஆகவில்லை என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இங்கே லோட் ஷெட்டிங் என்னும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல் பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து ஓட்டப் பழகினோம். மண்டபம் இருட்டானபோது எங்கள் ஸ்டேஷன் விளக்கு மட்டும் எரிந்தது. கைதட்டல் கிடைத்தது என்னவோ அதற்குத்தான்.

கடைசியாகக் கண்காட்சி வைத்தது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மண்டபத்தில். இரண்டு பெட்டிகளை முகத்துக்கு முகம் வைத்து, இரு முனையிலும் பலகை அடித்தால் அதுவே பெட்டகம். இருவர் தூக்கலாம், பக்கி என்று இங்கே சொல்லும் சின்ன லாரியின் பின்னால் ஏற்றிவிடலாம். மண்டபத் தரை பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும், ரசமட்டம் வைத்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கட்டைவிரல் அளவு வித்தியாசம். காலின் அடியில் திருகு வைத்தால்தான் தப்பிக்கலாம்.

அங்கே நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் கட்டிய பெட்டி டர்பனுக்குத் தெற்கே ‘இசிப்பிங்கோ ரயில்’ என்ற குடியிருப்பின் சாயலில் இருக்கும். ஸ்டேஷன், தகரக் கூரை வரிசை வீடுகள், கறிவேப்பிலை மரம், மாரியம்மன் கோயில். அந்தக் கோயில் தெரியுமல்லவா, புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். தோட்ட முதலாளிகள் விடுமுறை விட்ட நாளில் திருவிழா வைத்துப் பழகியது அப்படியே நின்றுவிட்டது. டர்பனில் முதல் ரயில் 1860 ஜூன் 26-ல் ஓடியது. ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நம் ஜனங்கள் வந்திறங்கியது அதே வருஷம் நவம்பர் 16. அப்புறம் நேட்டால் ரயில்வேயில் பாதை பராமரித்தவர்களில் எத்தனையோ பேர் அவர்கள்தான். ஆனால் இங்கே நான் பார்த்த மாதிரிப் பாதைகளில் இஞ்சின், பாலம், மலை எல்லாம் இருக்கும், அவர்கள் குடியிருந்த லைன் வீடு இருக்காது.

பார்க்க வந்த ஒரு பாட்டி அந்தப் பெட்டி முன்னால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பாராட்டெல்லாம் இல்லை. “துணி காயப்போடுற கொடி எங்கே? இத்தனை வீட்டுக்கு ஒரே ஒரு குழாயா? ஆடிக் கஞ்சி ஊத்துற அண்டா எங்கே வச்சிருக்கே?” என்று அண்ணனைக் குடைந்தெடுத்தார். அண்ணன் “சரிம்மா, சரிம்மா” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ரயிலில் வேலை பார்த்த கிழவர் ஒருவர் வந்து, சிக்னல் தப்பான பக்கம் நிற்கிறது என்றார். இருவருக்கும் வாக்குவாதம், சுற்றிக் கூட்டம். சுவரோடு அடித்திருந்தால் இந்தத் திட்டெல்லாம் எங்களுக்கு வீடு தேடி வந்திருக்குமா? அண்டா இப்போது இருக்கிறது. கொடியில் துணியும் காய்கிறது. சிக்னலை மட்டும் இன்னும் மாற்றவில்லை, அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ்; அதற்கு 1:87-ல் 12 மி.மீ. பாதைதான் வழக்கம், அதையே எடு. மலையேற உதவும் பல்சக்கரத் தண்டவாளத்தை முதலிலேயே தொடாதே. சமதளத்தில் ஒரு ஸ்டேஷன் பெட்டி, ஒரு சாதாரணப் பெட்டி கட்டி ஓட்டிப் பார். உன் பாதை எங்களோடு சேராது, அளவு வேறு. ஆனால் முனைத் தட்டு, கால், பிளக் மூன்றும் எங்களுடையது மாதிரியே வைத்துக்கொள். வரைபடம் அடுத்த தபாலில் அனுப்புகிறேன். பதிலுக்கு, பட்டறையில் நீலகிரிப் பாதைக்காகக் கட்டிய எக்ஸ் கிளாஸ் இஞ்சினின் பக்கவாட்டுப் படம் உன்னிடம் இருந்தால் ஒரு நகல் அனுப்பு. அண்ணன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பேரனுக்கு இப்போதே சால்டர் வைக்கக் கற்றுக்கொடு. நமக்குக் கை நடுங்குகிறது, முனைத் தண்டவாள வேலையை அவன்தான் செய்தாக வேண்டும்.

உன் பழைய மாப்ளே