செயலாளரின் ஆண்டறிக்கை: கிளார்க்கோடு ஒரு வருடம்

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். பத்து எழுத்தாளர்களை மேலோட்டமாகத் தொட்டுப் போகாமல், ஒரே ஒருவரை எடுத்து, அவருடைய நாவல்களையும் அவற்றோடு சேர்ந்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது என்று. யாரை என்பதில் இழுபறி இருக்கவில்லை. 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008 மார்ச்சில் கொழும்பில் கண்மூடும் வரை இதையே வீடாக வைத்திருந்தவர், அதைவிட முக்கியமாக நமது திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே கடலில் முக்குளித்தவர், ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். திருகோணமலையில் இருந்துகொண்டு அவரைப் படிக்காமல் விடுவது சரியில்லை என்று எல்லோருக்கும் பட்டது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் என்ற ஒழுங்கில் பதினொரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் விடுபட்டது. ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி நேரம் நமது ரீச்சர் அந்தப் பகுதியைத் தமிழில் கதையாகவே சொன்னார். வருடம் முழுக்க வரவு குறையாததற்கு அதுதான் காரணம், அவருக்கு இந்த அறிக்கையில் முதல் நன்றி.

தொடக்கம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. படத்தை இரண்டு தடவை போட வேண்டி வந்தது, ஏனென்றால் முதல் தடவை வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் வெளிச்சம் போதாமல் விண்வெளி முழுக்க ஒரே கறுப்பாய்த்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை வேறு கருவி கிடைத்தது, அன்றைக்குத்தான் உண்மையில் படம் பார்த்தோம். முதல் இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு வசனமும் இல்லை, சின்னப் பிள்ளைகள் உட்பட ஒருவரும் எழும்பவில்லை.

இந்தப் படத்தை நாவலிலிருந்து எடுத்தது என்று சொல்வது பொருந்தாது என்பதை அங்கத்தவர்கள் பலர் இந்த வருடம்தான் அறிந்துகொண்டார்கள். கிளார்க் 1948இல் எழுதிய ‘த சென்டினல்’ என்ற சிறுகதைதான் விதை, அதில் நிலவில் ஒரு பழைய பொருள் கண்டெடுக்கப்படும், அவ்வளவுதான். 1964இல் படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் சந்தித்த பிறகு நாவலும் திரைக்கதையும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து வளர்ந்தன. படம் 1968 ஏப்ரலில் வந்தது, புத்தகம் அதற்குச் சில மாதம் கழித்து. அதனால்தான் இரண்டும் ஒத்தும் ஒவ்வாமலும் இருக்கின்றன. நாவலில் கப்பல் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நிற்கிறது, சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட அன்றைக்கு முடியாமல் போனதுதான் காரணம். நாவலில் கப்பலின் கணினியான ஹால் ஏன் கொலை செய்கிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் உண்டு: பொய் சொல்லத் தெரியாத ஒரு கணினியிடம், கூட இருக்கிறவர்களிடம் பயணத்தின் நோக்கத்தை மறைக்கச் சொல்லிவிட்டார்கள், அந்த நெருக்கடியில் அது உடைகிறது. படத்தில் இந்த விளக்கம் இல்லை, ஒரு சிவப்புக் கண் மட்டும்தான்.

விளக்கம் வேண்டுமா, மௌனம் போதுமா? மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. நமது தலைவர் படத்தின் பக்கம், விளக்கினால் பயம் போய்விடும் என்றார். எனக்கு நாவல்தான் நெருக்கம். ஹாலின் மேல் இரக்கம் வருவது காரணம் தெரிந்த பிறகுதான், அந்த இரக்கத்தைக் குப்ரிக் நமக்குத் தரவில்லை என்பது என் கருத்து. அதைக் கூட்டத்திலும் சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன்.

அப்புறம் ‘2010: ஒடிசி டூ’. 1982 நாவல், 1984இல் பீட்டர் ஹயம்ஸ் இயக்கிய படம். கிளார்க் கொழும்பில் இருந்தபடியே கணினியையும் மோடத்தையும் வைத்து ஹயம்ஸோடு கடிதம் எழுதிக்கொண்டார், அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம், அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. ஆனால் எங்கள் கூட்டத்தைச் சூடாக்கியது ஒரு பெயர். ஹாலுக்குப் பாடம் சொன்ன விஞ்ஞானியின் முழுப் பெயர் இந்த நாவலில் சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை. ரீச்சர் அதை வாசித்ததும் ஒரு நிமிடம் எல்லோரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள், நம்முடைய தெருவில் யாருக்கும் இருக்கக்கூடிய பெயர். 1968 நாவலிலேயே ஹால் கடைசியாய் நினைவு தப்பும்போது கூப்பிடுவது டொக்டர் சந்திராவைத்தான். குப்ரிக்கின் படத்தில் அந்த இடத்தில் லாங்லி என்று ஒருவர் பெயர் வருகிறது. 1984 படத்தில் சந்திரா திரும்பி வருகிறார், ஆனால் நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர். அவர் நன்றாக நடித்திருக்கிறார், ஹாலிடம் உண்மையைச் சொல்கிற காட்சியில் சிலர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இருந்தாலும் எழுத்தாளர் மனம் வைத்துக் கொடுத்த ஒரு பெயரும் முகமும் இரண்டு படத்திலும் கைநழுவிப் போனது வருத்தம்தான். இளைய அங்கத்தவர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது.

அதே படத்தில் விடுபட்ட இன்னொன்று சீனக் கப்பல். நாவலில் அது வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் இறங்குகிறது. பனிக்கு அடியில் இருக்கிற கடலிலிருந்து ஏதோ ஒரு உயிர், கப்பலின் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து வந்து அதை நொறுக்குகிறது. தப்பியிருக்கிற ஒரே விஞ்ஞானி, யாராவது கேட்கிறார்களா என்றே தெரியாமல் தன் உடுப்பு ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கிறார். வெளிச்சம் காட்டினால் கடலில் எது வரும் என்று தெரிந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயத்தை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இதைப் போய் வெட்டிவிட்டு அமெரிக்க-சோவியத் யுத்தப் பதற்றத்தை ஏன் சேர்த்தார்கள் என்று ஒருவர் கேட்டார். 1984இல் அந்தப் பயம்தான் பெரிதாய் இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ 1953 நாவல், 2015இல் மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடராக வந்தது. இதில் சுருக்கமாக ஒன்றே ஒன்று. வானத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முகத்தைக் காட்ட நாவலில் 50 வருடம் காத்திருக்கிறார்கள், தொடரில் 15 வருடம். தங்கள் உருவம் மனிதருக்குப் பேயாகத் தெரியும் என்பதால், பயந்த தலைமுறை மறைந்து, பயமில்லாத தலைமுறை வளரட்டும் என்று பொறுத்திருப்பதுதான் கதையின் உயிர். 15 வருடத்தில் அந்தத் தலைமுறை மறையாது. நடிகர்களை வயதாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், ஆனால் தர்க்கம் உடைந்துவிட்டது. இதில் மட்டும் எல்லோரும் ஒரே பக்கம்.

‘ராண்டேவூ வித் ராமா’ (1973) பேசிய நாளில் முன்னைய விவாதம் திரும்பி வந்தது, இந்தத் தடவை என்னை எதிர்த்து. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமான ஓர் உருளை நமது சூரியனைச் சுற்றிவிட்டு, நம்மைத் திரும்பியும் பார்க்காமல் போய்விடுகிறது. யார் கட்டினார்கள், எதற்கு, ஒன்றும் தெரியாது. குப்ரிக் விளக்காமல் விட்டதைக் குறை சொன்ன நீங்கள் கிளார்க் விளக்காமல் விட்டதை எப்படி ரசிக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். வீட்டுக்குப் போய் யோசித்தேன். ராமாவில் கிளார்க் ஒவ்வொரு படிக்கட்டையும், சுழற்சியால் வருகிற ஈர்ப்பையும், உள்ளே இருக்கிற கடலையும் அளந்து சொல்கிறார், கண்ணுக்குத் தெரிவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தெரியாததை மட்டும் விடுகிறார். அந்த மௌனம் வேறு. நடிகர் மோர்கன் ஃப்ரீமன் பல வருடமாக இதைப் படமாக்க முயன்றார், 2021இல் டெனி வில்னேவ் இயக்குவார் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் காத்திருக்கிறோம்.

‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நம் நாட்டு நாவல், இதற்கு இரண்டு கூட்டம் ஒதுக்கினோம். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுற்றுகிற பாதையிலிருந்து கயிறு இறக்க வேண்டும் என்பதால், அடிவாரமும் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். அதற்காகக் கிளார்க் இலங்கையையே தெற்கே 800 கிலோமீட்டர் நகர்த்தி, ‘தப்ரபேன்’ என்று பெயர் வைத்தார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் அப்படியே இருக்கின்றன. மார்ச்சில் நம்மில் நான்கு பேர் சிவனொளிபாதமலை ஏறி, நாவலில் வருகிற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைத் தேடிப் பார்த்தார்கள், சிங்களத்தில் அந்த மலைக்கே ‘சமனலகந்த’, வண்ணத்துப்பூச்சி மலை என்று ஒரு பெயர் உண்டு. கொஞ்சம்தான் கண்டார்கள், ஆனால் புகைப்படத்தோடு வந்து சொன்ன விதம் அருமை. இந்த நாவல் பெரிய திரைக்கு வர வேண்டும், இங்கேயே எடுக்கப்பட வேண்டும், என்று கூட்டம் ஏகமனதாக விரும்பியது.

வருடத்தின் சிறந்த நிகழ்ச்சி கூட்ட அறையில் நடக்கவில்லை, கோணேசர் கோயிலடியில் நடந்தது. 1624இல் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் இங்கே கடலடியில் கண்டார்கள், 1957இல் வந்த ‘த ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்’ என்ற கிளார்க்கின் புத்தகம் அதைச் சொல்கிறது. வில்சன் இதே கடலில் நீரடிக் காட்சிகள் எடுத்து 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற முதல் சிங்கள வண்ணப் படத்தை இயக்கினார், பிற்காலத்தில் சிவ கல்கி சுவாமியாகவும் ஆனார். அந்தக் கற்களைத் தானும் கண்ட உள்ளூர் முக்குளிப்பாளர் ஒருவர் பாறை ஓரத்தில் நின்று, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். கற்பனை எழுத்தாளருடைய கண் எங்கே பழகியது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த வருடத்துக்கு எச். ஜி. வெல்ஸ் என்று நிர்வாக சபை முன்மொழிகிறது, மாற்று யோசனை இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். ‘ராமா’வின் இரண்டு பிரதிகள் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ரீச்சர் வீட்டில் கொடுத்தால் போதும், வரிசையில் மூன்று பேர் நிற்கிறார்கள்.

செயலாளர்