கஷாயக் குறிப்புக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மழைக்காலச் சளி, காய்ச்சலுக்கு வீட்டு வைத்தியம் என்று அரைப் பக்கம் வந்திருந்தது. கபசுரக் குடிநீர், ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், நொச்சி ஆவி என்று பக்குவமெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். கோவில்பட்டியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன்; அப்பா காலத்துக் கடை. உங்கள் கட்டுரையால் எனக்கு லாபமே தவிர நஷ்டமில்லை. ஆனாலும் அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது: எந்த நிலைமைக்கு மேல் கஷாயத்தை மட்டும் நம்பி வீட்டில் கிடக்கக் கூடாது என்பது.

கஷாயம் வீண் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கல்லாப்பெட்டியே சிரிக்கும். இங்கிலீஷ் மருந்துக் கடையில் சளிக்குத் தரும் புரோம்ஹெக்சின் சிரப் இருக்கிறதே, அது நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய மருந்துதான். 2020 ஏப்ரலில் தமிழக அரசே ‘ஆரோக்கியம்’ என்று திட்டம் போட்டு கபசுரக் குடிநீரை வீடு வீடாகக் கொடுத்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் கொரோனா உறுதியான 60 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கபசுரமும் மற்றதற்கு வைட்டமின் சி, துத்தநாக மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். கபசுரம் குடித்தவர்களுக்கு வைரஸ் அளவு நன்றாகக் குறைந்தது என்று முடிவு வந்தது. எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் இதைப் பரப்பாத ஆள் இல்லை. ஆனால் அந்த 60 பேரும் அறிகுறியே இல்லாதவர்கள். மூச்சுத் திணறலோடு வந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. இதை மட்டும் யாரும் பரப்பவில்லை.

2021 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஊரடங்கு, பாதி ஷட்டர்தான் திறந்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். “அண்ணாச்சி, கபசுரம் ரெண்டு பாக்கெட் குடுங்க. அவுகளுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்கு.” எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வாரத்திலிருந்து என்றாள். சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா என்றால், “நடந்தா எளைக்குங்காக, படுத்தே கெடக்காக” என்கிறாள். அவளுடைய போனிலேயே அவரைக் கூப்பிடச் சொல்லி வாங்கிப் பேசினேன். “அண்ணாச்சி... நான்...” என்று நிறுத்தி மூச்சு வாங்கி, “...நல்லாத்தான்...” என்று மறுபடி நிறுத்தினார். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியாத ஆளுக்கு எந்தச் சூரணத்தை மடித்துக் கொடுப்பது? பாக்கெட்டைத் தராமல் தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஆக்சிஜன் அளவு எண்பத்தி சொச்சம் காட்டியதாம். படுக்கை கிடைத்துப் பிழைத்து வந்தார். இப்போதும் மிளகு, திப்பிலி வாங்க வருகிறார். விலையில் ஐந்து ரூபாய் விடமாட்டார்.

அன்றைக்குப் பிறகு, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்று கல்லாவுக்குள் கிடக்கிறது. அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் மருந்து கிடையாது, ஆஸ்பத்திரிதான். சிலருக்கு மூச்சு வாங்குவதே தெரியாமல் அளவு மட்டும் இறங்கும். ஆளைப் பார்த்து மதிப்பிட முடியாது.

கொரோனாவோடு அந்தக் கதை முடிந்தது என்பார்கள். ஃப்ளூ முடியவில்லையே. 2023 மார்ச்சில் அது பரவியபோது ஒரே நாளில் தமிழகம் முழுக்க ஆயிரம் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டியிருந்தது. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நம் ஆட்கள் வழக்கம் என்ன? “மூணு நாள் கஷாயம் குடிப்போம், கேக்கலைன்னா டாக்டரப் பாப்போம்.” வாலிபப் பையனுக்குப் பெரும்பாலும் அது ஒத்துவரும்; அவன் சும்மா கிடந்தாலே எழுந்துவிடுவான். கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், ஆஸ்துமாக்காரர், அறுபதைத் தாண்டியவர், கைக்குழந்தை இவர்களுக்கு அந்த மூன்று நாள்தான் முக்கியமான நாள். இவர்கள் முதல் நாளே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டுக் கஷாயத்தையும் கூடவே குடிக்கலாம்.

சொல்லிவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லி உங்கள் கட்டுரையிலும் இருந்தது. நல்லதுதான். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது ஆபத்து. கபசுரத்திலும் சேரும் நிலவேம்பு உள்ள மருந்துகளால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே எச்சரித்தது. அதில் சேரும் இன்னொரு சரக்கான சீந்தில் கொடியைப் பற்றி 2021-ல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள் ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள்; அது சீந்திலே இல்லை, அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்று சித்தா, ஆயுர்வேதத்தைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரியாக இருந்தாலும், என் கடைக்கு வருகிறவருக்கு நான் சொல்வது மாறாது: கொடி எது என்று தெரியாமல் வேலியில் அறுத்துக் காய்ச்சாதே, எதிர்ப்பு சக்தி என்று மாதக்கணக்கில் குடிக்காதே. குழந்தைகளுக்குக் கஷாயத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. பாட்டுலிசம் என்ற விஷக்கோளாறு வரலாம் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

சரக்கைப் பற்றியும் கொஞ்சம். கபசுரத்தில் சேர்மானம் 15: சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. இதில் கோஷ்டம் இமயமலைப் பக்கத்துச் சரக்கு, அக்கரகாரமும் வெளியிலிருந்து வருவது, விலை கூடுதல். கிராக்கி வந்தால் முதலில் குறைவது இந்த இரண்டும்தான். நல்ல அக்கரகாரத்தில் ஒரு துணுக்கைக் கடித்தால் நாக்கு சுறுசுறுவென்று மரத்து எச்சில் ஊறும். ஊறவில்லையென்றால் அது வேறு ஏதோ வேர். மாவாக அரைத்துவிட்டால் இதையெல்லாம் எங்கே பார்ப்பது? குடிநீர்ச் சூரணம் ஒன்றிரண்டாக இடித்துத்தான் இருக்க வேண்டும். கொரோனா சமயத்தில் ஒரு மொத்த வியாபாரி எனக்கு அனுப்பிய மூட்டையைப் பிரித்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசாக இருந்தது. மோந்தால் சுக்கு வாசம் மட்டும். திருப்பி அனுப்பினேன். எத்தனை கடையில் திருப்பினார்களோ தெரியாது. வாங்குகிறவர்கள் உற்பத்தி உரிம எண், தேதி, சேர்மானப் பட்டியல் மூன்றும் அச்சிட்ட பாக்கெட்டைக் கேட்டு வாங்கட்டும். அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பும் இருக்கிறது.

காய்ச்சும் அளவிலும் குழப்பம். 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டவைத்து வடிகட்ட வேண்டும். அதுவும் மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் ஒரு சட்டி காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து இரவு வரை குடும்பமே குடிக்கிறது. கேட்டால் “கேஸ் மிச்சம்” என்கிறார்கள்.

இப்போது என் கடைக் காகிதப் பையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தித்தான் கொடுக்கிறேன். ‘மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், குழந்தை பால் குடிக்காவிட்டால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.’ “வாற யாவாரத்த நீங்களே தள்ளி விடுதீகளே அண்ணாச்சி” என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். ஒரு கடையின் ஸ்டாம்ப் பஜாரைத் தாண்டாது. உங்கள் பேப்பர் ஜில்லா முழுக்கப் போகிறது.

என் கோரிக்கை இரண்டு. இனி கஷாயக் குறிப்பு எது வெளியிட்டாலும் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், கட்டம் கட்டி இந்த அபாய அறிகுறிகளையும் போடுங்கள். அடிக்குறிப்பாக எறும்பு எழுத்தில் வேண்டாம். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். இரண்டாவது, கபசுர பாக்கெட்டின் முன்பக்கத்தில் இதைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று தமிழக அரசின் இந்திய மருத்துவத் துறை உத்தரவிடும்படி உங்கள் தலையங்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். வியாபாரிகள் நாங்கள் கேட்டால் சங்கத்திலேயே எடுபடாது.

கடிதத்தைப் பிரசுரித்தால் கடையின் பெயரைப் போட வேண்டாம். விளம்பரத்துக்காக எழுதினான் என்பார்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்து வியாபாரி,
கோவில்பட்டி.