உமரித் தரைக்கு இடம் விடுங்கள்: கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழிகளின் ஓரத்தில் வீடும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர்களில் ஒருவனாக இம்மடலைத் தங்கள் முன் வைக்கிறேன். கழியோர நிலத்தை அரிப்பிலிருந்து காத்துக்கொள்ள உரிமையாளர்கள் கேட்கும் அனுமதிகளைப் பற்றியதே இது. அத்தகைய விண்ணப்பங்களில் உவர்ச் சதுப்பை, அதாவது உமரி போன்ற உப்பைத் தாங்கும் சிறு செடிகள் படர்ந்த சேற்றுத் தரையை, காப்பதையும் வளர்ப்பதையும் முதல் வழியாக ஆணையம் கொள்ள வேண்டும் என்பதும், அது இயலாது எனக் காட்டப்பட்ட இடங்களில் மட்டுமே கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இசைவு தர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

நில உரிமையாளர்களின் அச்சம் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டுக் கடற்கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006க்குப் பின் அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தை எட்டிவிட்டதாகப் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாம் அறிக்கை கூறுகிறது. கரையோரத் தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பவர் இந்த எண்களுக்காகக் காத்திருப்பதில்லை. கையில் பணம் இருந்தால் லாரியில் கருங்கல்லை வரவழைக்கிறார். இல்லாவிட்டால் இடித்த கட்டடங்களின் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். அரசின் செலவில் நம் கரை நெடுக எழுந்திருப்பவையும் கரையோரமாக எழுப்பும் நேர்கல் சுவர்களும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் என்ற கல் தடுப்புகளும் அல்லவா?

ஆனால் அந்தப் பாடம் திறந்த கடலோரத்தில் கற்றது. அங்கேயே அதன் விலை என்ன என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புகள் கட்டப்பட்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு, நகரத்தின் கடற்கரை மெல்ல இல்லாமற் போனது. நகரைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டபோது அரிப்பு நிற்கவில்லை, வடக்கேயுள்ள மீனவக் குப்பங்களுக்கு இடம் மாறியது. கடற்கரையை மீட்பதற்காக 2018ஆம் ஆண்டில் கடலுக்கடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று.

உப்பங்கழியின் இயல்போ வேறு. இங்கே ஓதத்தின், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வடிவதன், உயர வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையைத் தாக்குபவை குறுகிய நீர்ப்பரப்பில் காற்று எழுப்பும் சிற்றலைகளும், எந்திரப் படகுகள் கிளப்பும் அலைகளும், வடகிழக்குப் பருவத்தில் பாய்ந்து வரும் ஆற்று வெள்ளமுமே. இவற்றின் எதிரில் செங்குத்தான சுவரை நிறுத்தினால் அலை தன் விசையை இழக்காமல் திரும்பி, சுவரின் அடியிலுள்ள சேற்றைக் கிளறி எடுத்துச் செல்கிறது. சுவரின் முன்னே நீர் ஆழமாகிறது. ஆழம் கூடக்கூட இன்னும் பெரிய அலை சுவர்வரை வந்து சேர்கிறது. சில பருவங்கள் கழித்து அடித்தளம் அரிக்கப்பட்டுச் சுவர் முன்புறமாகச் சாய்கிறது. அதற்குள் சுவர் முடியும் இடத்தில் சுழலும் நீர் பக்கத்து நிலத்தின் வரப்பைத் தின்னத் தொடங்கியிருக்கும். ஆகவே பக்கத்து நிலத்துக்காரரும் சுவருக்கு விண்ணப்பிக்கிறார். இப்படி ஒவ்வொரு அனுமதியும் அடுத்த விண்ணப்பத்தை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசீலிக்கும் வரையில் இந்தத் தொடர்பு எந்தக் கோப்பிலும் தென்படாது.

சுவர் செய்ய முடியாததை உமரி படர்ந்த தரை செய்கிறது. மெல்லச் சரியும் தரையில் அடர்ந்து நிற்கும் உமரி, ஏறிவரும் நீரைத் தயங்கச் செய்து அதிலுள்ள வண்டலைப் படியவைக்கிறது. வேர்கள் அந்த வண்டலைப் பிடித்துவைக்கின்றன. தரை தானே சிறிது சிறிதாக உயர்கிறது. ஜெர்மனியின் ஹனோவர் நகரிலுள்ள பெரிய அலைத்தொட்டியில், வெட்டியெடுத்து வந்த உண்மையான சதுப்புத் தரையைப் பரப்பி ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாற்பது மீட்டர் அகலச் சதுப்பைக் கடக்கும் புயல் அலைகளின் உயரம் குறைந்ததில் 60 விழுக்காடு வரை செடிகளால் மட்டுமே நேர்ந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2011ஆம் ஆண்டின் ஐரீன் சூறாவளிக்குப் பின் நடந்த கள ஆய்வில், பார்வையிடப்பட்ட தடுப்புச் சுவர்களில் முக்கால் பங்கு சேதமடைந்திருக்க, சதுப்புக் கரைகள் பெரும்பாலும் நிலைத்திருந்தன.

2004 ஆழிப்பேரலையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு தன் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது என்ற வாதத்தை இங்கே நான் பெரிதாக எடுத்து வைக்கப்போவதில்லை. அவ்வாறு கூறிய ஆய்வுகள் வெளிவந்த மறு ஆண்டே, ஊர்களின் உயரமும் கடலிலிருந்து அவை இருந்த தொலைவும் ஊருக்கு ஊர் சேதத்தில் இருந்த வேறுபாட்டை விளக்கப் போதும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். அந்த விவாதத்தின் முடிவு எதுவானாலும், நம் கழிக்கரைகள் நாள்தோறும் சந்திப்பது ஆழிப்பேரலையை அன்று, சிற்றலையைத்தான். அதன் முன் சதுப்பின் பயனில் ஐயமில்லை.

சட்டம் இதை ஓரளவு அறிந்தே வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையாத்திக் காடுகளோடு உவர்ச் சதுப்புகளையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்துள்ளது. எனினும் 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று கூறும் அவ்வறிவிக்கை, சதுப்புக்கு அத்தகைய இடைவெளி எதையும் குறிப்பிடவில்லை. அரிப்பைத் தடுக்கும் நடவடிக்கைகளுக்கு அது விலக்கு அளிக்கிறது. எந்த நடவடிக்கையை முதலில் முயல வேண்டும் என்ற வரிசையைச் சொல்லவில்லை. இதனால் உமரித் தரையின் விளிம்பை ஒட்டியே சுவர் எழ முடிகிறது. சதுப்பின் மேல் ஒரு கல்லும் விழாவிட்டாலும், கடல் உயரும்போது அது பின்வாங்கிச் செல்லும் வழி அன்றோடு அடைபடுகிறது. முன்னால் நீரும் பின்னால் சுவருமாக நெருக்குண்டு அது மறையும். மறைந்த பிறகு சுவரை அலையிடமிருந்து காக்க எதுவும் மிஞ்சாது. மக்கள் பேச்சில் உமரித் தரை வெறும் களர், ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று கருதப்படுவதும் இந்த நெருக்கலை எளிதாக்குகிறது.

இடையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். சதுப்பைக் காப்பது என்றதும் அதன் மேல் அலையாத்திக் கன்றுகளை நட்டு, நட்ட எண்ணிக்கையை அறிக்கையில் காட்டும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. உமரி வளரும் மேட்டுத் தரை வேறு, கண்டல் என்னும் அலையாத்தி மரங்கள் வளரும் ஓதத் தரை வேறு. பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் காடு பட்டை பட்டையாக வெட்டப்பட்டதால் தரை உள்வாங்கி, தேங்கிய நீர் வற்றி உப்பு மிகுந்த இடங்களில், மீன்முள் வடிவ வாய்க்கால்களை வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகே கண்டல் மீண்டது. நீரோட்டத்தைச் சீராக்குவதே அங்கே முதல் வேலையாக இருந்தது, கன்று நடுவது அதன் பின்னர்தான். கழியோரச் சதுப்புக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும்.

சதுப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. கடல் உயரும் வேகத்துக்கு ஈடாகத் தரை உயர வேண்டுமானால் வண்டல் வேண்டும். ஓத ஏற்றம் சிறிதாக உள்ள கரைகளில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து காவிரியின் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. கொள்ளிடத்தில் எஞ்சியதை மணல் அள்ளுதல் குறைக்கிறது. இவை தங்கள் ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வருபவை அல்ல. தங்கள் அதிகாரத்துக்குள் இருப்பது, தரை உயர முடியாத இடத்தில் அது பின்னால் நகர இடம் விடுவது.

அந்த இடம் எங்களைப் போன்றவர்களின் பட்டா நிலத்திலிருந்துதான் வர வேண்டும். இதைச் சொல்வதால் என் அண்டை நிலத்துக்காரர்கள் சிலர் என்மீது வருத்தப்படலாம். கழியைப் பார்த்த மனை என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களிடம், அந்த மனையின் முன்பகுதியைச் சதுப்புக்கு விட்டுக்கொடுங்கள் என்பது எளிதில் செரிக்கக்கூடிய பேச்சன்று. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தால், சில மீட்டர் அகலத்தை இன்று அளந்து ஒதுக்குவதும், அரித்துச் சாயும் சுவரைத் திரும்பத் திரும்பக் கட்டுவதும் ஒன்றாகாது. விட்டுக்கொடுத்த பகுதியில் கட்டடம் எழுப்புவதில்லை எனப் பத்திரத்தில் பதிவு செய்துதர நான் அணியமாக இருக்கிறேன். அதற்கு ஈடாக, சதுப்புக் கரை அமைக்கும் விண்ணப்பம் சுவர் விண்ணப்பத்தைக் காட்டிலும் எளிதாகவும் விரைவாகவும் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2008இல் இயற்றிய சட்டம் இதைத்தான் செய்தது: சுவருக்குப் பதிலாகச் சதுப்புச் செடிகளைக் கொண்டு காக்கும் உயிர்க்கரையே பொது விதி; சுவர் வேண்டுவோர் தம் இடத்தில் அது ஏன் இயலாது என்று காட்டி விலக்குப் பெற வேண்டும்.

உயிர்க்கரை அமைக்கப் பெரும் பொறியியல் தேவையில்லை. ஓதம் ஏறும் மட்டத்தளவே உயரமுள்ள தாழ்ந்த கல்வரிசையைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மீனும் நண்டும் நீரும் வந்துபோக இடைவெளிகள் விட்டு அமைத்து, அதன் பின்னால் வண்டல் படிய விட வேண்டும். அலை குறைந்த இடங்களில் கல்லுக்குப் பதிலாகத் தென்னைநார் உருளைகளே போதும். அதற்கான நாருக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. ஐரோப்பாவின் வாடன் கடலோரத்தில் டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மிலாறு (சிறு குச்சிகள்) அடைத்த வேலிகளால் தலைமுறை தலைமுறையாக வண்டலைப் பிடித்து வருகிறார்கள். இதை ஒரு மனைக்கு மட்டும் செய்வதில் பொருளில்லை என்பதால், ஒரே கழிக்கரையில் உள்ளவர்கள் கூட்டாக அளிக்கும் விண்ணப்பத்தை மாவட்ட ஆணையங்கள் ஏற்க வழி செய்ய வேண்டும்.

மீனவக் குடியிருப்புகளை இந்த விதியால் முதலில் தாக்கிவிடக் கூடாது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் அவர்களுக்குக் கரை வேண்டும். பின்வாங்க அவர்களிடம் நிலம் இல்லை. அவர்களின் குடியிருப்பு, பாலம், சாலை, படகுத்துறை ஆகியவற்றின் முன்னால் சதுப்பு போதாதென்று கண்டால், கல் வைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். ஓய்வு இல்லங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் அதே சலுகையைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன், எந்தக் கரையில் தரை உயர்கிறது, எங்கே தாழ்கிறது, சதுப்பின் விளிம்பு ஆண்டுக்கு எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்தாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் கழியின் கரையிலேயே இருக்கிறது. வெள்ளாறு முதல் கொள்ளிடம் வரை நிலையான அளவுக் கம்பங்களை ஊன்றி ஆண்டுதோறும் அளக்கும் பணியை அதனிடம் ஒப்படைத்து, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் அளவை எடுக்குமாறும், அந்த அளவுகள் வரும் வரையில் இப்பகுதிக் கழிக்கரைகளில் புதிய சுவர்களுக்கான விண்ணப்பங்களை நிறுத்திவைக்குமாறும் ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். என் நிலத்தின் வழியே கம்பம் ஊன்றவும் அளவெடுக்கவும் எழுத்து மூலமான ஒப்புதலைத் தருகிறேன்.

இங்ஙனம்,
பரங்கிப்பேட்டைப் பகுதியின் கழியோர நில உரிமையாளர் ஒருவர்