கரி, உப்பு, கோணி: முதல் பிளாக் மெட்டல் ஆல்பத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம். அலறல் குரலும் கரகரத்த கிடாரும் அதிவேக டிரம்ஸும் சேர்ந்த ராக் இசைவகைதான் பிளாக் மெட்டல். அதில் எங்கள் முதல் ஆல்பத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கான நன்றி இது.

முதல் நன்றி சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. கிடாருக்கு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரக்க வைக்கும் எஃபெக்ட்) ஏற்றினால் கரண்ட் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் கூடவே பெருகும். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் 100, 150, 200 என்று கிளைவிட்டு ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியின்) நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வேலூர் வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்ததுதான் காரணம். அண்ணன் அதைத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தினமும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஆம்ப்பையும் இன்டர்ஃபேஸையும் (கிடாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒரே பிளக் பாயின்ட்டுக்கு மாற்றியதும் உறுமல் அடங்கியது. (இரைச்சல்தானே பிளாக் மெட்டல் என்று சிரிப்பவர்களுக்கு: மிச்சமுள்ள இரைச்சல் நாங்களாகக் கூட்டியது.)

ஆரணி ரைஸ் மில் முதலாளிக்கு நன்றி. டிரம்ஸ் பதிவுக்கு அவர் தந்தது காலி குடோன், தகரக் கூரை, சிமென்ட் தரை. மெதுவான பகுதிகளுக்கு அந்த எதிரொலி வரம். ஆனால் நிமிடத்துக்கு 200 தாளம் (200 பிபிஎம்) ஓடும் பிளாஸ்ட் பீட்டில், அதாவது டிரம்ஸை இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் இடங்களில், அடிக்கும் அடிக்கும் இடையே 75 மில்லி விநாடிதான். முந்தைய அடி ஓயுமுன் அடுத்தது விழுந்து எல்லாம் கூழாகிவிடும். மில் ஆட்கள் டிரம்ஸைச் சுற்றிக் கொடி கட்டிக் கோணிகளைத் தொங்கவிட்டார்கள். கோணி சிம்பலின் (தட்டுத் தாளத்தின்) கீச்சொலியைத்தான் குடிக்கும், கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின்) அடி ஒலிக்கு மூலையில் நெல் மூட்டை அடுக்க வேண்டியிருந்தது. தூரத்து மைக்கை பிளாஸ்ட் வரும் இடங்களில் குறைத்து, மற்ற இடங்களில் ஏற்றியிருக்கிறோம்.

காட்பாடி சர்ச் குவயர் நண்பர்கள் ரெண்டு மைக் கடன் தந்தார்கள். ஒரே கேபினட் (கிடார் ஸ்பீக்கர் பெட்டி) முன் ஒன்றை 30 செ.மீ. பின்னால் வைத்தால், அதற்கு ஒலி தாமதமாகச் சேர்வதால் 570 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்து ஒலி குழி விழுகிறது, அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். இடம், வலம் கிடார்கள் தனித்தனியே வாசித்தவை. ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) இரு பக்கமும் நகலெடுத்தால் சத்தம் ஏறுமே தவிர அகலம் வராது.

தமிழ் ஐயா, அலறலில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். க்க, ட்ட, ற்ற இருந்தால்தான் வரி காதில் விழும் என்று பிடித்துக் காட்டினீர்கள். ‘நீளும் வெயில்வெளி’ என்றிருந்தது ‘வெட்ட வெளி, கட்டாந்தரை’ ஆனது அப்படித்தான். இந்த இசையை வளர்த்த நார்வேக்காரர்கள் அவர்கள் பனியை எழுதட்டும், நமக்குப் பாலைத்திணையும் கொற்றவையும் இருக்கிறார்களே என்றதும் நீங்கள்தான்.

மிக்ஸின் (எல்லாப் பதிவுகளையும் கலந்த ஒலியின்) உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருமுறை திருப்பியனுப்பிய சென்னை மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும்) நண்பருக்கும் நன்றி.

ஃபேனை நிறுத்திவிட்டு அலறிய அத்தனை மதியங்களிலும் போலீஸுக்குப் போன் போடாத கீழ்வீட்டு அக்காவுக்குப் பெரிய மனசு. முதல் கேசட் உங்களுக்குத்தான் அக்கா, கேட்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்படிக்கு,
இசைக்குழுவினர், வேலூர்